துரை புகழ்ந்த நாய்

எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இருந்திருந்தால் என் மாமனாருக்கு மூன்று ஏக்கர் நிலம் மிஞ்சியிருக்கும். இதை நான் இப்போது யாரிடமும் மறைப்பதில்லை. மறைக்க என் வீட்டில் யாரும் விடுவதுமில்லை.

குமாஸ்தாவாகச் சேர்ந்து, தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனுவை எந்தப் படிவத்தில் எழுத வேண்டும், எந்த ஓரத்தில் எத்தனை விரற்கடை இடம் விட வேண்டும், எந்த உத்தரவின் மேல் எத்தனை நாளுக்குள் அப்பீல் செய்யலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.) அப்படிப்பட்டவன் இருபத்து நான்காவது வயதில் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஆங்கிலத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் நான்தான் முதல். எவ்வளவு நீளமான வாக்கியத்தைக் கொடுத்தாலும் கோழியை உரிப்பதுபோல் உரித்து, எழுவாய் இது, பயனிலை இது என்று தனித்தனியாக எடுத்து வைத்துவிடுவேன். எனக்கு ஆங்கிலம் கற்பித்தவர் திருநெல்வேலிக்காரர். அவருக்குக் கற்பித்தவர் கும்பகோணத்துக்காரர். அந்த வரிசையில் எங்கேயாவது ஒரு வெள்ளைக்காரர் இருந்திருக்க வேண்டும், நான் பார்த்ததில்லை. அப்புறம் கச்சேரி உத்தியோகம். சர்க்கார் கடிதம் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைப் பேசாது. 'இதனால் தெரிவிப்பது என்னவென்றால்' என்று ஆரம்பித்துத் தெரிவித்துவிட்டு முடிந்துவிடும். ஆங்கிலம் என்றாலே இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதுகளின் நடுவில், கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தாலுகா கச்சேரியில் நான் இளைய குமாஸ்தா. என் அம்மாவின் தம்பி சின்னமாயன் கோம்பையில் விவசாயம் செய்துகொண்டிருந்தார். அவர் மகள் வீரம்மாளை எனக்குப் பேசி முடித்திருந்தது. ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாமா மூன்று ஏக்கர் கல்லுக்காட்டைத் திருத்தி, பதினெட்டு வருடமாகச் சோளமும் மொச்சையும் போட்டுவந்தார். அங்கே பொறுக்கிய கல்லை அடுக்கியே சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார். குறை ஒன்றே ஒன்றுதான்: பட்டா இல்லை. அது சர்க்கார் புறம்போக்கு. அந்த வருடம் காட்டிலாகா தன் எல்லையைக் கீழே இறக்கி, அந்த நிலத்தையும் காட்டோடு சேர்த்துக்கொள்ள யோசித்தது. அதற்குள் நிலத்தைத் தன் பேருக்கு ஒப்படை செய்யும்படி மாமா மனுப் போட்டிருந்தார். தீர்மானிக்க வேண்டியவர் சப் கலெக்டர். வெள்ளைக்கார துரை, கல்யாணமாகாதவர், அதிகம் பேசாதவர். மனுவைத் தயார் செய்து அவர் மேஜைக்கு அனுப்ப வேண்டிய குமாஸ்தா நான். சொந்தக்காரர் மனுவை அரசு ஊழியன் தன் கையால் நடத்தக் கூடாது என்ற விதி அன்றும் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதைக் கடைப்பிடிக்கவும் வேண்டுமோ!

ஒரு திங்கட்கிழமை துரை நிலத்தை நேரில் பார்க்க வந்தார். தாசில்தார் காய்ச்சலில் படுத்துவிட்டதால் மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. துரை குதிரையில். நானும் கர்ணமும் நடையில். மாமா புது வேட்டி கட்டிக்கொண்டு கல்சுவரை ஒட்டி நின்றார். பக்கத்தில் அவருடைய நாய் செவலை.

கோம்பை நாயைப் பற்றி எங்கள் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: செந்நிறம், கரிய மூஞ்சி, காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்கும் நெஞ்சு. செவலையைக் குட்டியாகத் தூக்கி வந்தவன் மாமாவின் ஒரே மகன் முத்து. இரண்டு வருடத்துக்கு முன் மலைக்காய்ச்சலில் அவன் போய்விட்டான். நாய் இருந்தது.

துரை நிலத்தைச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு செவலையின் முன் நின்று, வெகுநேரம் அதையே பார்த்தார். அன்று காலையில் அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு புன்னகை தோன்றியது.

"அருமையான பிராணி" என்றார் ஆங்கிலத்தில். "என் பங்களாவில் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!"

"துரை என்ன சொல்றாக, மாப்ள?" என்று மாமா கேட்டார்.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் எதையும் கேட்பதில்லை. புகழ்வார்கள். பண்ணையார் ஒருவர் உங்கள் தொழுவத்துப் பக்கம் வந்து, "காளை நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனால், விளக்கு வைப்பதற்குள் அந்தக் காளை அவர் தொழுவத்தில் நிற்க வேண்டும். சொன்னதையே இரண்டாம் தடவை அவர் சொல்லும்படி வைத்துக்கொள்வது மரியாதைக் குறைவு. இது தெரியாதவன் பள்ளத்தாக்கில் குடித்தனம் நடத்த முடியாது.

பண்ணையாருக்கே இப்படி என்றால் சப் கலெக்டருக்கு எப்படி? மேலோட்டமாக மொழிபெயர்க்க நான் என்ன சாதாரண குமாஸ்தாவா? உள்ளே இருப்பதையும் எடுத்து வைத்தேன்.

"நாயைக் கேக்குறாக, மாமா."

கர்ணம் உடனே தலையாட்டினார். "பின்னே? தொரைமாரு வாயத் தொறந்து கேப்பாகளா? குறிப்பாத்தான் சொல்லுவாக."

மாமா நாயின் தலையில் கையை வைத்தார். துரைக்கு அது பிடித்திருந்தது போலும், மறுபடி புன்னகைத்தார். (பார்த்தீரா, அவசரப்படுத்துகிறார் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.)

திரும்பும் வழியில் துரை குதிரையை மெதுவாக நடத்தி, என்னையும் பக்கத்தில் வரச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரர் என்னோடு பேச்சுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"அந்தச் சுவரைக் கட்ட எத்தனை வருடம் ஆகியிருக்கும்?" என்றார்.

"பதினெட்டு வருடம், சார்."

"அடுத்த வாரத்தோடு நான் விடுமுறையில் போகிறேன். எனக்குப் பதிலாக வருகிறவர் காடுகளின் மேல் மிகுந்த பிரியம் உள்ளவர் என்று கேள்வி."

"எங்கள் பக்கத்துக் காடுகள் மிகவும் அழகானவை, சார்" என்றேன். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம்.

துரை என்னை ஒரு முறை பார்த்தார். குதிரை நாலைந்து அடி நடந்தது.

"நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் வேறெங்கும் போகவில்லை. மேஜையில்தான் இருப்பேன். மேஜையில் அதிகமாக வேலையும் இல்லை."

"ஓய்வு உடம்புக்கு நல்லது, சார்."

அவர் குதிரையைத் தட்டிவிட்டார். என் முகத்தில் புழுதி அடித்தது. அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக நடந்து வந்தேன் தெரியுமா? துரையோடு சரிசமமாக உரையாடிவிட்டேன் அல்லவா!

அந்த மனு எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். என் மேஜை இழுப்பறையில் இருந்தது. எல்லாம் தயார். ஆனால் கர்ணம் போட்ட வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இல்லை. குறி இல்லாத வரைபடத்தை மேலே அனுப்பலாமா? 'திருத்தி அனுப்பவும்' என்று எழுதி அதைக் கர்ணத்துக்கே திருப்பிவிட்டேன். கிழக்கே சூரியன் உதிக்கும் ஊரில் வடக்கு எது என்று தெரியாத சப் கலெக்டர் இருக்க முடியாது என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. அந்த வாரத்தின் அவசர வேலை நாய்தான் என்று தீர்மானித்து, 'குடும்ப அலுவல்' என்று காரணம் எழுதி, இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை மாமா வீட்டுக்குப் போனேன். மாமா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்த நாளிலிருந்து அவர் என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார்.

"நேத்துலருந்து காலு நொண்டுது, மாப்ள" என்றார், நாயைக் காட்டி.

"அதுனால என்ன மாமா? பஸ்ஸுலதான போறோம். நடக்க வேண்டியதில்ல."

மாமா அதன் காலைத் தடவிக் கொடுத்தார்.

"தொரை வீட்ல கறியும் ரொட்டியும் போடுவாக. இது பழைய சோத்துக்குப் பழகுன கழுதை."

"நான் சொல்லிட்டு வர்றேன் மாமா. கவலைய விடுங்க."

மாமா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். குதிருக்குப் பக்கத்தில் தரையைக் காட்டினார். அங்கே ஒரு பழைய கோணி விரித்திருந்தது.

"இன்னும் முத்து படுத்த எடத்துலதான் படுக்குது."

"பங்களாவுல எடம் நெறைய இருக்கு, மாமா" என்றேன்.

அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கும். அன்றோ, எல்லாக் கேள்விக்கும் தகுந்த பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"சரி. படிச்சவுக நீங்க. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார் மாமா.

கதவுக்குப் பின்னாலிருந்து வீரம்மாளின் குரல் வந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் என் காது கேட்கப் பேசிய ஒரே வாக்கியம்: "அதுக்குக் கயிறு கட்டிப் பழக்கமில்ல."

நான் கயிறு கொண்டு போயிருந்தேன். புதுக் கயிறு.

பஸ் பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கண்டக்டர், "ஏலே, நாயிக்கு டிக்கெட்டு யாரு எடுப்பா?" என்றான். நாய்க்குக் கட்டணம் வசூலிக்க எந்த விதி இடம் கொடுக்கிறது என்று நான் கேட்டேன். அவன் விதியைக் காட்டவில்லை, இறங்கச் சொன்னான். அடுத்த பஸ்ஸில் கூரைமேல் புகையிலை மூட்டைகளுக்கு நடுவே நானும் செவலையும் உட்கார்ந்து தேனி வந்து சேர்ந்தோம். வழி முழுவதும் அது குரைக்கவில்லை, கடிக்கவில்லை, நான் கொடுத்த பன்ரொட்டியைத் தின்னவுமில்லை. கோம்பை இருந்த திசையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. ஊர் எந்தத் திசை என்று காட்ட அதற்கு அம்புக்குறி தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துரையின் பங்களா. கோட்டு, தலைப்பாகை, கையில் கயிறு. டவாலிச் சேவகன் உள்ளே போய்ச் சொன்னதும் துரை வேகமாக வெளியே வந்தார்.

"ஆ, வந்துவிட்டீர்களா! நீங்கள் வருவீர்கள் என்று நினைத்தேன்" என்றார். முகம் மலர்ந்திருந்தது. கண்கள் என் கையைத் தேடின. காகிதக் கட்டைத் தேடின என்று இப்போது தெரிகிறது. கயிற்றைப் பார்த்தன. கயிற்றின் மறுமுனையைப் பார்த்தன.

"இது என்ன?"

"தாங்கள் விரும்பிய நாய், சார்."

"நான் விரும்பிய..."

"கோம்பையில், சார். திங்கட்கிழமை."

துரை மிகவும் மெதுவாக, "இது உங்களுடைய நல்ல மனதைக் காட்டுகிறது. ஆனால் நான் இதை ஏற்றுக்கொள்ள முடியாது" என்றார்.

எங்கள் பக்கத்து விருந்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலையில் பரிமாறும்போது விருந்தாளி "போதும்" என்பார். அது இன்னும் ஒரு கரண்டிக்கு அனுமதி. "ஐயோ போதும் போதும்" என்றால் இரண்டு கரண்டி. இலையின் மேல் குப்புற விழுந்து மறைத்தால்தான் நிறுத்துவோம். அப்போதும் விரல் இடுக்கில் கொஞ்சம் ரசம் ஊற்றுவோம். முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்கிறவனைப் பறக்காவெட்டி என்போம். துரை மறுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பண்பானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"தாங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், சார்."

"இல்லை. முடியாது."

"சிறிய காணிக்கை, சார்."

"தயவுசெய்து இதைத் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள்."

மூன்று முறை மறுத்தாகிவிட்டது. கணக்குச் சரி. நான் புன்னகையோடு குனிந்து, வராந்தாத் தூணில் கயிற்றைக் கட்டினேன். அப்போதுதான் செவலை என் கெண்டைக்காலைக் கடித்தது. அன்று அந்த இடத்தில் நடப்பது இன்னது என்று புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான். ரத்தத்தை வேட்டியால் மறைத்துக்கொண்டு, வாசல்வரை நிமிர்ந்தே நடந்தேன். பின்னாலிருந்து துரை என் பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். திரும்பி ஒரு சலாம் போட்டேன்.

"பெயர் செவலை, சார். பழைய சோறு தின்னும். மோர் ஊற்றினால் இன்னும் நல்லது."

அடுத்த திங்கட்கிழமை வரைபடம் அம்புக்குறியோடு வந்தது. அழகான அம்பு. அன்றே மனுவை மேலே அனுப்பினேன். நான்காம் நாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் துரையின் கையெழுத்தில் குறிப்பு; இன்றும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். 'மனுதாரர் சார்பில் ஒரு நாய் என் பங்களாவில் விடப்பட்டுள்ளது. ஆகவே இம்மனுவை நான் தீர்மானிப்பது முறையாகாது. எனக்குப் பின் வருபவர் தீர்மானிப்பார். நாய் சேவகன் மூலம் திருப்பி அனுப்பப்படுகிறது. ஒப்புகை பெற்றுச் சேர்க்கவும்.'

நாயை யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் உத்தியோகம் அன்றே போயிருக்கும். அவர் எழுதாமல் விட்டதன் பொருள் மட்டும் எனக்கு உடனே புரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த முதல் திங்கட்கிழமைப் பேச்சை ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிப் பார்த்தேன். காடுகளில் பிரியம் உள்ளவர். வெள்ளிக்கிழமை வரைக்கும். மேஜையில் வேலை இல்லை. அவர் கேட்டபோது எனக்குக் கேட்கவில்லை, கேட்காதபோது கேட்டது.

புதிய துரைக்கு உண்மையிலேயே காடுகளின் மேல் பிரியம். மனு இரண்டு வரியில் தள்ளுபடியானது. சேவகன் கூட்டி வந்த நாயோ தேனிக்கு அருகில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. 'நாய் வந்து சேர்ந்ததா?' என்று மேலிடத்திலிருந்து மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் வந்தன. மூன்றுக்கும் 'விசாரணையில் உள்ளது' என்று நானே பதில் எழுதினேன். பதினோராம் நாள் விலா எலும்பு தெரிய, பாதம் வெடித்து, செவலை தானாகவே கோம்பைக்கு வந்து சேர்ந்தது.

கர்ணம் இரண்டு காகிதங்களையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார். நாய் வந்ததற்கு மாமா ஒரு கைரேகை வைத்தார். நிலம் போனதற்கு ஒன்று. அந்தக் கல்சுவரிலிருந்து எடுத்த கற்களைக் குவித்தே காட்டிலாகா தன் எல்லைக்கு அடையாளம் வைத்தது. கல்லுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

மாமா மேகமலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காவலாளாகப் போனார். கிளம்பும்முன் நாயோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"தொரை நெசமாவே நாயைக் கேட்டாகளா, மாப்ள?"

"கேட்டாக, மாமா" என்றேன்.

"அப்பச் சரி" என்றார்.

நான்கு மழைக்காலம் அவர் மலையில் இருந்தார். மகனைக் கொண்டுபோன அதே காய்ச்சல்தான் கடைசியில் அவரையும் கொண்டுபோனது. செவலை அவருக்கு முன்பே போய்விட்டது.

பேசியபடியே வீரம்மாளுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது. அவள் அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், மனம் தாங்காமல் நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். துரை நாயைக் கேட்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆங்கிலேயர்கள் பேசுவதில் மேலே ஒன்று, உள்ளே ஒன்று இருக்கும்; எவ்வளவு படித்தவனுக்கும் அது பிடிபடாது என்று விளக்கினேன். அவள் மொச்சை உரித்துக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"இங்கிலீசு கெடக்கட்டும். எங்கய்யா பேசுனது தமிழுதான?"

எனக்கு விளங்கவில்லை.

"காலு நொண்டுதுன்னாக. பழைய சோத்து நாயின்னாக. முத்து படுத்த எடத்துல படுக்குதுன்னாக. இன்னும் எப்பிடித்தான் வேணாம்னு சொல்லுவாக? அந்த நாயி அன்னைக்கு நொண்டவே இல்ல."

ஒரு மொழியை மட்டும் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

கர்ணம் வாயிலிருந்து கதை எப்படியோ ஊருக்குள் இறங்கி, என் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. கேட்கவா வேண்டும்? விருந்தாளி யாராவது, "உங்க வீட்டுக் கடிகாரம் நல்லாருக்கே" என்று வாயைத் திறந்தால் போதும், "அய்யா, கயிறு எடுத்துட்டு வரவா?" என்று ஒருவன் கேட்பான். வீடே சிரிக்கும். விவரம் தெரியாத விருந்தாளிக்கு மூத்தவன் முதலிலிருந்து கதை சொல்வான். கூரைமேல் நானும் நாயும் உட்கார்ந்து வந்ததை நடித்துக் காட்டுவான். நான் வேட்டியை ஒதுக்கிக் கெண்டைக்கால் தழும்பைக் காட்ட வேண்டும்; அது முறை. பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வீரம்மாள் இருந்த வரைக்கும், கதை கயிற்றுக்கு வந்ததும், "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். யாரும் அதைக் கவனித்ததில்லை. நானும் வெகுகாலம் பால் என்றால் பால் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், அந்த நேரங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்ததே இல்லை.